அப்பாவின் கோபம், பையனின் பயம்: வில்லிவாக்கம் பக்கம் கவுன்சிலர் தேவை

கோபம் வந்தால் என் கணவர் பையனை அடிக்கிறார். பையனுக்கு 8 வயசு, மூன்றாம் வகுப்பு. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. தூக்கம் கெட்ட நாட்களில்தான் அடி அதிகம். ஒரே ஹோம்வொர்க் தப்புக்கு ஒரு நாள் சிரிப்பு, மறுநாள் ஸ்கேல். எது தப்பு என்றே பிள்ளைக்குப் புரியவில்லை, அப்பா முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறான். தீபாவளிக்குப் பிறகு பைக் சத்தம் கேட்டாலே நோட்டை ஒளிக்கிறான், பொய் சொல்கிறான். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பதும் திரும்பிவிட்டது. டாக்டரிடம் காட்டினேன், சிறுநீரில் கோளாறு எதுவும் இல்லை.

மாமியார் பேசிப் பார்த்தார். "நாங்க அடி வாங்காமலா வளர்ந்தோம்?" என்றுவிட்டார் கணவர். ஹோம்வொர்க்கை நானே எடுத்துக்கொண்டேன். கோபம் சாப்பாட்டு நேரத்துக்கு மாறியது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பொறுமையாகக் கேட்டார்கள், அவரையும் பேசச் சொன்னார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால்தான் விடாமல் முயல்கிறேன். போன வாரம்தான், ஆம்பளை யாராவது இருந்தால் வருகிறேன் என்றார்.

வில்லிவாக்கம், பெரம்பூர், அம்பத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற, அப்பாக்களோடு தமிழில் பேசிப் பழகிய ஆண் கவுன்சிலர் யாரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா?