அடிமைமுறை நேர்காணல்கள்: சொல் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

சொல்லெண்ணி:
1936-38இல் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் உணர்வுப் பகுப்பாய்வு (சொற்களை வைத்துத் தொனி நல்லதா கெட்டதா என்று மென்பொருளால் கணிப்பது) செய்தால் ‘நல்ல எஜமான்’ என்ற தொனி நிறைய வருகிறது. கோளாறு மென்பொருளிலா, தரவிலா?

ஏட்டுப்பிரதி:
தரவு உருவான விதத்தில். பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பதில் சொன்னவர்களோ பொருளாதார மந்தத்தில் வாடிய முதியவர்கள். வந்திருப்பவர் அரசாங்க ஆள், பென்ஷனுக்கு வழி செய்வார் என்று நம்பியவர்கள் பலர். அவர் முன்னால் எதைச் சொல்வார்கள், எதை விழுங்குவார்கள்?

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர மூதாட்டி சூசனின் இரு பேட்டிகளை அருகருகே வைத்துப் படியுங்கள். வெள்ளையரான ஜெஸ்ஸி பட்லரிடம் எஜமானை நல்லவர் என்கிறார். கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லாட்சனிடம் சவுக்கடியையும், பிள்ளைகளைப் பிரித்து விற்றதில் தாய்மார் கதறியதையும் சொல்கிறார். ஒன்றில் பெயர் ஹாம்லின், மற்றதில் ஹாமில்டன். பெயரை வைத்து எண்ணினால் ஒருவரே இருவராகிவிடுவார்.

ஆகவே பேட்டி எடுத்தவரின் பெயர், இனம் இரண்டுக்கும் தனி நெடுவரிசை போடுங்கள். இனம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். வர்ஜீனியாவில் ராஸ்கோ லூயிஸ் தலைமையில் கறுப்பினக் குழுவே பேட்டி எடுத்தது. ஒப்பிட அது நல்ல தொகுதி.

பழுப்புத்தாள்:
எழுத்துக்கூட்டலும் படுத்தும். பேச்சு வழக்கைக் காட்டுகிறோம் என்று, உச்சரிப்பு மாறாத சொல்லைக்கூடக் கொச்சையாக எழுதிவைத்தார்கள். திட்டத்தின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுன் இதைக் குறைக்கச் சொல்லி வழிகாட்டுதல் அனுப்பினார். எல்லா மாநிலங்களும் கேட்கவில்லை. மூல வரியை அப்படியே வைத்து, சீராக்கிய வடிவத்தைப் பக்கத்தில் தனியாக வையுங்கள். மேலெழுதினால் யார் கை எங்கே பட்டது என்ற தடயமே போய்விடும்.

டெக்சாஸ் பேட்டிகளைத் திருத்திச் சுருக்கித்தான் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ராவிக் பின்னர் வெளியிட்ட துணைத் தொகுதிகளில் நீண்ட வடிவம் இருக்கிறது. ஒப்பிடாமல் எண்ணாதீர்கள்.

கரைமேடு:
இன்னும் இரண்டு. 1937இல் 80 வயதானவருக்கு, அடிமைமுறை ஒழிந்த 1865இல் 8 வயதுதான். வயதைக் கணக்கிட்டு, குழந்தை கண்டதைப் பெரியவர் அனுபவத்தோடு கலக்காமல் பிரியுங்கள். பேட்டி நடந்த மாநிலமும் அடிமையாக இருந்த மாநிலமும் வேறாக இருக்கலாம். ஆர்கன்சாஸ் தொகுதியில் இது அடிக்கடி வரும். வரைபடம் போடுமுன் இரண்டையும் தனித்தனியே பதியுங்கள்.

கோப்புகளுக்கு வெறும் எண் கொடுக்காமல் பேசியவரின் பெயரையும் சேர்த்து வையுங்கள். மனிதரை எண்ணாக்கிய அடிமை வணிகத்தின் கணக்கையே நம் தரவுத்தளங்களும் திரும்பச் செய்யலாம் என்று வரலாற்றாய்வாளர் ஜெசிக்கா மேரி ஜான்சன் 2018இல் எச்சரித்தார். தங்கள் பாட்டனைத் தேடி வரும் சந்ததியினரும் பெயரைத்தான் தட்டுவார்கள்.