மஸ்டாங் ஜிடிக்கு கோல்ட் ஏர் இன்டேக்: போடலாமா, இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா?

செந்தில், ஃப்ரீமாண்ட்:

எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பரில் 2018 மாடல் மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். 5.0 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல், 41,000 மைல் ஓடியது. ஒன்பது வருடம் கேம்ரி ஓட்டி, பணம் சேர்த்து, வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கி எடுத்த வண்டி. அதனால் எதைச் செய்தாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது கண்ணில் பட்டிருப்பது ஒரு கோல்ட் ஏர் இன்டேக் கிட், அதாவது இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோவதாகச் சொல்லும் குழாயும் ஃபில்டரும். பளபளவென்று அலுமினியக் குழாய், முனையில் சிவப்புக் கூம்பு ஃபில்டர், விலை 380 டாலர். "20 குதிரைத்திறன் கூடும், ட்யூன் தேவையில்லை" என்று போட்டிருக்கிறார்கள். (ட்யூன் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றியமைப்பது.) பெட்டி கிட்டி எதுவும் கிடையாது, ஃபில்டர் திறந்தபடி இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தினமும் 880 நெடுஞ்சாலையில் சான் ஹோசே போய் வருகிறேன். பாதி நேரம் நிற்பதுதான் வேலை. வருடத்துக்கு இரண்டு முறை தண்டர்ஹில் டிராக்கில் ஓட்ட ஆசை. சத்தம் நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் 20 குதிரை நிஜமா? ஸ்மாக் டெஸ்டில் (வண்டிப் புகைப் பரிசோதனையில்) மாட்டிக்கொள்வேனா? இன்ஜினுக்கு ஏதும் ஆகுமா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

---

மணி, சாக்ரமெண்டோ:

நான் மூன்று வருடமாகப் போட்டிருக்கிறேன். சத்தம் அருமை, 4000 ஆர்பிஎம்முக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பவர் கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கலிஃபோர்னியா ஏர் ரிசோர்சஸ் போர்டின் அனுமதி எண், "டி" என்ற எழுத்தில் தொடங்கும், அந்தக் கிட்டுக்கு உண்டா? அதன் ஸ்டிக்கரை பானெட்டுக்குக் கீழே ஒட்ட வேண்டும். நம் மாநிலத்தில் முதல் 8 வருடம்தான் ஸ்மாக் டெஸ்டிலிருந்து விலக்கு. அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும். புகை சுத்தமாக இருந்தாலும், எண் இல்லாத இன்டேக்கைக் கண்ணால் பார்த்தாலே ஃபெயில் செய்துவிடுவார்கள்.

---

குமரவேல், டேவிஸ்:

செந்தில், என்னிடமும் அதே 2018 ஜிடிதான். 2019 கோடையில் நீங்கள் சொல்வது போலவே திறந்த கூம்பு ஃபில்டர் வைத்த ஒரு கிட்டைப் போட்டு, ஆறு மாதத்தில் கழற்றினேன். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

போட்ட மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் காட்டிய பிழைக் குறியீடு பி0171, பி0174. அதாவது இரண்டு பக்கமும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. காரணம் குழாயின் அகலம். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் ஒரு சூடான மெல்லிய கம்பி இருக்கிறது. தன்மேல் படும் காற்று கம்பியை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. குழாய்க்குள் போகும் முழுக் காற்றையும் அது பார்ப்பதில்லை, நடுவில் ஒரு சின்னப் பகுதியைப் பார்த்து மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பெருக்கிக்கொள்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது கம்பெனி போட்ட குழாயின் அகலம் மட்டும்தான். விட்டம் 7 சதவீதம் கூடினாலே உள் பரப்பு ஏறக்குறைய 15 சதவீதம் கூடிவிடும். அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகக் காட்டும், பெட்ரோலும் குறைவாகப் போகும். என் வண்டியில் ஃப்யூயல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம், 16 சதவீதம் வரை ஏறியிருந்தது. அத்தனையையும் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு இட்டு நிரப்பிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். 12:1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜினை இந்த நிலையில் ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தி ஓட்டக் கூடாது. "ட்யூன் தேவையில்லை" என்று எழுதியிருந்தால், சென்சார் உட்காரும் இடத்தின் உள் விட்டம் பழைய குழாயோடு ஒத்துப்போகிறதா என்று காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். எழுத்தை நம்ப வேண்டாம்.

ட்யூன் செய்து சரிப்படுத்தலாமே என்று கேட்பீர்கள். 2021 ஜூலையிலிருந்து ஸ்மாக் டெஸ்டில் கம்ப்யூட்டர் மென்பொருளையும் பார்க்கிறார்கள். கம்பெனியுடையதாகவோ அனுமதி எண் பெற்றதாகவோ இல்லாவிட்டால் அதற்கும் ஃபெயில்தான்.

சரி, சூட்டுக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். 5 லிட்டர் இன்ஜின் 7500 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு 300 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. 15 லிட்டர் குடம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு இருபது குடம். அந்த வேகத்தில் போகும் காற்றுக்குக் குழாயில் சூடேற நேரமே இல்லை. ஆனால் டிராஃபிக்கில் நிற்கும்போது இன்ஜினுக்கு ஒன்றிரண்டு குடம்கூடத் தேவைப்படாது. காற்று குழாய்க்குள் கிட்டத்தட்டத் தேங்கி நிற்கிறது, ரேடியேட்டர் ஃபேன் அனல் காற்றைத் திறந்த ஃபில்டர் மேல் தள்ளிக்கொண்டே இருக்கிறது, அலுமினியக் குழாயும் அடுப்பில் வைத்த பாத்திரம் போலக் காய்ந்துவிடுகிறது.

ஓபிடி டாங்கிள் (வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படித்துக் காட்டும் சின்னக் கருவி) மாட்டி நான் அளந்தேன். வெளியே 38 டிகிரி, பதினைந்து நிமிடம் ஐடிலில், அதாவது இன்ஜின் ஓட வண்டி நகராமல், நின்ற பிறகு உள்ளே போகும் காற்று 67 டிகிரி. கம்பெனி ஏர் பாக்ஸை மறுபடி மாட்டி அதே வெயிலில் அதே பதினைந்து நிமிடம்: 52. அந்தப் பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து காற்றை எடுக்கிறது, மூடியும் இருக்கிறது. 15 டிகிரி வித்தியாசம் என்றால் காற்றின் அடர்த்தியில் நாலரை சதவீதம் போய்விடுகிறது. அதோடு நிற்காது. காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டுவது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளும். இங்கே பம்பில் கிடைப்பதே 91 ஆக்டேன் என்பதால் அது சீக்கிரமே தள்ளும். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி சோர்வாக இருந்ததை என் மனைவிகூடக் கவனித்தாள்.

இன்னொரு சோதனையும் செய்தேன். கம்பெனி ஃபில்டர் இன்ஜினின் மூச்சை எவ்வளவுதான் அடைக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஊரில் மேஸ்திரி மட்டம் பார்க்க ட்யூபில் தண்ணீர் பிடிப்பாரே, அதே வித்தைதான். ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) நடுவே குழாயில் ஒரு சின்னத் துளை போட்டு, கண்ணாடி போலத் தெரியும் நீளமான ட்யூபை மாட்டி, யு வடிவில் வளைத்து, மைத்துளி கலந்த தண்ணீரை ஊற்றி, டைனோவில் (வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் உருளை மேடை) வண்டியை ஏற்றி முழு திராட்டிலில் ஓட்டினோம். (ரோட்டில் செய்யாதீர்கள். ட்யூபும் ஆள் உயரத்துக்கு இருக்கட்டும், தண்ணீர் இன்ஜினுக்குள் போகக் கூடாது.) கம்பெனி பெட்டியோடு இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 22 சென்டிமீட்டர் வித்தியாசம், கிட்டோடு 12. பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்பது சுமார் 1 கிலோபாஸ்கல், காற்றழுத்தத்தில் ஒரு சதவீதம். 460 குதிரையில் ஒரு சதவீதம் நாலரை குதிரை. மிஞ்சிப் போனால் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதுவும் காற்று குளிர்ந்திருக்கும்போது மட்டும்.

அப்போது 20 எங்கிருந்து வருகிறது? டைனோவில் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேனை வைத்து ஓட்டுவது வழக்கம். திறந்த ஃபில்டரின் குறையே அங்கே தெரியாது. ரோட்டில் பானெட்டை மூடித்தானே ஓட்டுகிறோம்?

இப்போது என் வண்டியில் இருப்பது மூடிய பெட்டி, பிளாஸ்டிக் குழாய், எண்ணெய் பூசாத ஃபில்டர், அனுமதி எண்ணோடு. பெட்டியின் ரப்பர் விளிம்பு பானெட்டின் அடிப்பக்கத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. சத்தத்துக்காகத்தான் போட்டேன், சத்தம் கிடைத்தது. நீங்கள் முதலில் 25 டாலருக்கு ஒரு டாங்கிள் வாங்கி ஒரு வாரம் உங்கள் வண்டியை அளந்து பாருங்கள். பெட்டியையும் திறந்து பாருங்கள்.

---

ராஜி, ஹூஸ்டன்:

குமரவேல் அண்ணா சூட்டைச் சொன்னார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நிசான் 370இசட். அதற்கு இரண்டு இன்டேக், இரண்டு மாஃப் சென்சார். நீளக் குழாய் கிட் போட்டால் ஃபில்டர் இரண்டும் முன் பம்பருக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நிஜமாகவே குளிர்ந்த காற்று கிடைக்கும் இடம் அது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் இங்கே ஒரு மணி நேர மழைக்கு அண்டர்பாஸ் நிரம்பிவிடும். என் கணவரின் நண்பர் அதே கிட்டோடு, முழங்கால் அளவுகூட இல்லை என்று நினைத்து இறங்கினார். காற்றை பிஸ்டன் அழுத்தும், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராட் வளைந்து, இன்ஜின் பிளாக்கோடு போயிற்று. நாங்கள் கம்பெனி பெட்டியையே வைத்துக்கொண்டோம். மஸ்டாங்கில் ஃபில்டர் மேலே இருப்பதால் இந்தப் பயம் உங்களுக்குக் குறைவு. வேறு கிட் பார்த்தால் ஃபில்டர் எந்த உயரத்தில் உட்காருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

---

செந்தில், ஃப்ரீமாண்ட்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டாங்கிள் வாங்கி எட்டு நாள் அளந்தேன். 880இல் மவுரி எக்ஸிட் பக்கம் நின்றபோது வெளியே 29, உள்ளே 47. நகரத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் 33க்கு இறங்கிவிட்டது.

நேற்று பெட்டியைத் திறந்தேன். முந்தைய ஓனர் எண்ணெய் பூசும் பருத்தி ஃபில்டர் ஒன்றைப் போட்டிருக்கிறார், தொட்டால் கை சிவப்பாகிறது, அவ்வளவு எண்ணெய். அடியில் காய்ந்த யூகலிப்டஸ் இலை ஒரு கைப்பிடி. மூடியின் ஒரு கிளிப் மாட்டப்படவே இல்லை. சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பி மேல் பழுப்பாக ஒரு படலம். ஃப்யூயல் டிரிம் 8 சதவீதம் காட்டிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதானா? கம்பியை எதை வைத்துத் துடைப்பது?

---

குமரவேல், டேவிஸ்:

துடைக்கவே கூடாது செந்தில், விரலும் படக் கூடாது, கம்பி அறுந்துவிடும். மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் கிளீனர் ஸ்ப்ரே வாங்குங்கள். பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் வேண்டாம். தள்ளிப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கம்பெனி பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டு, நாலு கிளிப்பும் சத்தம் வர விழுந்ததா என்று பார்த்துவிட்டு நூறு மைல் ஓட்டிய பிறகு டிரிம் எவ்வளவு என்று எழுதுங்கள்.

---

செந்தில், ஃப்ரீமாண்ட்:

130 மைல் ஓட்டியாயிற்று. டிரிம் 2. மொத்தச் செலவு டாங்கிளோடு சேர்த்து 60 டாலருக்குள். கிட்டுக்கு வைத்திருந்த 380இல் மீதியைத் தண்டர்ஹில் கட்டணத்துக்கு ஒதுக்கிவிட்டேன், மே மாதம், மூன்று மைல் கிழக்குத் தடம். அண்ணா, அன்று நீங்களும் வந்தால் உங்கள் பெட்டியைப் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்க்க வேண்டும். சத்தத்தையும் கேட்க வேண்டும்.