கோரா இசையை வெளிநாட்டு விமர்சகர்கள் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்?

கேள்வி

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா மக்களுடைய கோரா (சுரைக்குடத்தில் தண்டு பொருத்தித் தந்திகள் கட்டிய, யாழைப் போன்ற வாத்தியம்) இசையை நான்கைந்து ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். மாலி நாட்டின் துமானி தியாபாத்தேயும் பல்லாக்கே சிசோக்கோவும் இணைந்து வாசித்து 1999இல் வெளிவந்த ‘நியூ ஏன்ஷியன்ட் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற இசைத்தொகுப்பின் வழியாகவே இதற்குள் வந்தேன். அந்த ஆர்வத்தில் ஐரோப்பிய, அமெரிக்க இதழ்களில் வந்த மதிப்புரைகளையும் தேடிப் படித்தேன். பெரும்பாலானவை பாராட்டியே எழுதியிருக்கின்றன. ஆயினும் எனக்கு மனக்குறை தீரவில்லை. அருவி, பனித்துளி, தியானம், தாலாட்டு என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அதைத் தாண்டினால் மேற்கத்திய யாழான ஹார்ப்போடும் பழைய ஐரோப்பியச் செவ்வியலிசையான பரோக் இசையோடும் ஒப்பிடுகிறார்கள். கலைஞர் அன்று எப்படி வாசித்தார், எந்த இடத்தில் தடுமாறினார், தம் தந்தையின் பாணியிலிருந்து எங்கே விலகினார் என்று எழுதுபவர்கள் மிகக் குறைவு. காம்பியாவிலோ மாலியிலோ இருக்கும் ஒரு ரசிகர் இதே வாசிப்பை எதை வைத்து நல்லது, சுமாரானது என்று சொல்வார்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நீங்கள் சொல்லும் குறை உண்மையானது. அதற்கு முதற்காரணம் மொழி என்றே நான் கருதுகிறேன். கோரா வாசிப்பவரை மாண்டிங்கா மொழியில் ‘ஜாலி’ என்பார்கள். பிரெஞ்சு வழியாக உலகம் அறிந்த பெயர் ‘கிரியோ’. குயாத்தே, தியாபாத்தே, சிசோக்கோ, கோந்தே முதலிய குடும்பங்களில் பிறந்தவர்கள் வழிவழியாக இதைச் செய்துவருகிறார்கள். அரச குலங்களின் வரலாற்றை நினைவில் காப்பது, பகைகொண்ட வீட்டாரைச் சமாதானப்படுத்துவது, திருமணத்திலும் பெயர்சூட்டு விழாவிலும் வந்தவர்களின் முன்னோரைப் புகழ்வது ஆகிய அனைத்தும் ஜாலியின் கடமைகள்.

இந்தக் கடமைகளுக்கு ஏற்பவே இசையும் அமைந்திருக்கிறது. விடாமல் சுழன்றுகொண்டிருக்கும் அடிப்படை மெட்டுக்குக் ‘கும்பெங்கோ’ என்று பெயர். அதன் நடுவே விரைந்து பொழியும் தனிவாசிப்பு ‘பிரிமின்திங்கோ’. பாட்டின் நிலையான வரிகள் ‘தோன்கிலோ’. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட குரலில், முன்னோரின் பெயர்களையும் பழமொழிகளையும் அந்த நேரத்துக்கும் அவைக்கும் தக்கபடி கோத்துச் சொல்வது ‘சதாரோ’. ஊர்ப் பெரியவர் முதலில் செவிகொடுப்பது இந்தச் சதாரோவுக்குத்தான். யார் பெயரை முதலில் எடுத்தார், யார் பெயரை விட்டார் என்பதிலேயே அவருடைய மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. மாண்டிங்கா தெரியாத விமர்சகருக்கு இந்தப் பகுதி முழுவதும் இனிய ஓசையாக மட்டுமே வந்து சேர்கிறது. எனவேதான் கேலெஃபா சானே என்ற போர்வீரனின் நினைவைச் சுமக்கும் பாட்டு, அதாவது கோரா பயிலும் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் பாட்டு, மனத்துக்கு அமைதி தரும் இசை என்று எழுதப்படுகிறது.

சுருதியிலும் இதே சிக்கல் உண்டு. கோராவின் 21 தந்திகளில் இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10. பழைய முறையில் ஒவ்வொரு தந்தியும் தண்டில் இறுகச் சுற்றிய தோல்வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த வளையத்தைக் கையால் மேலும் கீழும் நகர்த்தியே சுருதி சேர்க்க வேண்டும். தோமோரா, ஹார்தினோ, சௌதா என்று பெயர்பெற்ற சுருதியமைப்புகளின் இடைவெளிகள் பியானோவின் கட்டைகளோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. பியானோவுக்குப் பழகிய காது அதைப் பிசகு என்று கேட்கலாம். வாசிப்பவரோ அந்த நூலிழை வேறுபாட்டுக்காகவே நெடுநேரம் வளையங்களோடு போராடியிருப்பார்.

மறுமொழி 2

மேலே நண்பர் எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் குரலில்லாத கோரா இசை வெளிநாட்டாருக்காகவே உருவானது என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. 1970இல் மாலி கலைஞர்களின் வாசிப்பாக வெளிவந்த ‘கோர்த் ஆன்சியேன்’ (பிரெஞ்சில் ‘பழந்தந்திகள்’) என்ற இசைத்தட்டு முழுக்க வாத்திய இசைதான். அதில் வாசித்தவர்களில் சிதிக்கி தியாபாத்தே துமானியின் தந்தை. ஜெலிமாதி சிசோக்கோ பல்லாக்கேயின் தந்தை. கேள்வி கேட்டவர் குறிப்பிடும் 1999ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பே தந்தையரின் அந்த இசைத்தட்டின் பெயரை எடுத்துக்கொண்டு, முன்னால் ‘புதிய’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. இந்த உறவை அறியாமல், இரண்டு இளைஞர்கள் பழமையான இசையை வாசித்தார்கள் என்று எழுதி முடித்தால், அதில் எது புதிது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

புதிது நிறையவே இருக்கிறது. துமானியின் கையில் ஒரே கோரா மூவர் வாசிப்பதைப் போல ஒலித்தது. கட்டைவிரல்கள் அடித்தந்திகளையும் கும்பெங்கோவையும் பார்த்துக்கொள்ள, சுட்டுவிரல்கள் மேலே மெட்டைக் கொண்டுசெல்லும். 1988இல் வெளிவந்த ‘கைரா’ தொகுப்பில் அவர் தனியாக வாசித்ததை அப்படியே கேட்கலாம். அதைத் தயாரித்த லூசி துரான் காம்பியாவுக்குப் போய் கோரா பயின்ற பிரிட்டிஷ் இசையாய்வாளர் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டார் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

மறுமொழி 3

பணியின் பொருட்டு மூன்று ஆண்டுகள் காம்பியாவில் இருந்தவன் என்ற முறையில் நான் கண்டதை எழுதுகிறேன். பிரிக்காமாவில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளில் அழைக்கப்பட்டிருந்தேன். ஜாலி முற்றத்து மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கோராவின் சுரைக்குடத்தைத் தொடைகளுக்கிடையில் இருத்தி வாசித்துக்கொண்டிருந்தார். அருகில் குந்தியிருந்த சிறுவன் குடத்தின் முதுகில் ஒரு குச்சியால் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தட்டலுக்குக் ‘கொன்கோன்’ என்று பெயர். குழந்தையின் பாட்டனார் பெயர் வந்ததும் ஒரு மூதாட்டி எழுந்து நடந்து வந்து, தலாசி (காம்பிய நாணயம்) நோட்டு ஒன்றை மடித்துக் குடத்தின் பக்கவாட்டில் இருந்த ஒலித்துளைக்குள் போட்டார். ஜாலியின் குரல் உடனே உயர்ந்தது. தாய்வழி ஊரை அவர் சொல்லாமல் கடந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் முகம் சுளித்து, இவருடைய தகப்பனார் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார் என்றார். விரல்வேகத்தைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னர் ஐரோப்பாவில் ஓர் அரங்கில் கோரா கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் அசையாமல் கேட்டார்கள், மரியாதையான மௌனம்தான். ஆனால் வாசிப்பவருக்கு எந்த இடத்திலும் விடை கிடைக்கவில்லை, யாரை நோக்கிப் பாடுவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அந்த மௌனத்தில் பிறக்கும் வாசிப்பைத்தான் விமர்சகர் கேட்கிறார்; அதையே முழுக் கலையென்று எடுத்துக்கொள்கிறார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒலித்துளைக்குள் பணம் போடும் காட்சியைப் படித்தபின் என் கேள்வியே எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்கிறேன்: மின்கருவிகளோடு சேர்ந்து வாசிப்பவர்களை மரபைக் கைவிட்டவர்கள் என்று சில மதிப்புரைகள் கடிந்துகொள்கின்றன. ஊரிலும் அப்படித்தான் நினைக்கிறார்களா?

மறுமொழி 4

அந்தக் கண்டிப்பில் பாதி, கடைகளின் அலமாரியிலிருந்து வந்தது. 1987 கோடையில் லண்டனில் ஒரு மதுவிடுதியில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், எந்தப் பிரிவில் வைப்பது என்று கடைக்காரர்கள் குழம்பிய இசைத்தட்டுகளுக்கெல்லாம் ‘வேர்ல்ட் மியூசிக்’ என்று விற்பனைப் பெயர் சூட்டினார்கள். அந்த அலமாரியில் வாங்க வருபவர் தொன்மையை எதிர்பார்த்து வருகிறார். அதே 1987இல் கினி நாட்டு ஜாலி குடும்பத்தைச் சேர்ந்த மோரி கான்தே பாடிய ‘யேக்கே யேக்கே’ ஐரோப்பிய நடன அரங்குகளை நிறைத்துப் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே பாட்டுக்குள் கோரா ஒலித்துக்கொண்டிருந்தது என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை.

ஊரில் மாற்றம் புதிதில்லை. முன்பு தோலை முறுக்கித் தந்தி செய்தார்கள். இப்போது நைலான் மீன்பிடி நரம்பு. தோல்வளையத்துக்குப் பதிலாகக் கிதாரின் சுருதிச் சாவிகளைப் பொருத்திக்கொண்டவர்களும் ஏராளம். காம்பியாவின் ஃபோதே மூசா சூசோ 1977இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தார். அவர் ஜாலி இல்லாமல் போய்விடவில்லை.

கோரா கலைஞர் சோனா ஜோபார்த்தே பற்றிய மதிப்புரைகளைப் படித்துப் பாருங்கள். ஜாலி குடும்பங்களில் பெண்கள் பாடுவார்கள், கோரா ஆண்களின் கைக்கே போகும். அந்த வழக்கத்தை மீறித் தொழில்முறைக் கலைஞரானவர் அவர் என்பதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய பாட்டனார் அமாது பன்சாங் ஜோபார்த்தே காம்பியாவின் பெருங்கலைஞர். ஜோபார்த்தே, தியாபாத்தே இரண்டும் ஒரே குடிப்பெயர்தான்; ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் ஒரு விதமாகவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டது. சோனாவின் கும்பெங்கோவையும் துமானியின் கும்பெங்கோவையும் அருகருகே வைத்துக் கேட்டு எழுதப்பட்ட ஒரு மதிப்புரைக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன். யாரேனும் கண்டால் இங்கே பகிருங்கள்.