நடந்து முடிந்ததை ஊகிக்க ஸ்பானிய மொழியில் எதிர்கால வடிவம் ஏன்?

வைகைக்கரை மாணவி, மதுரை:
வணக்கம். வேலைக்குச் சென்றுகொண்டே ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். 'மான்யானா யா அப்ரான் யெகாதோ' என்றால் 'நாளை அவர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள்' என்பது புரிகிறது. ஆனால், கைப்பேசியை எடுக்காத ஒருவரைக் குறித்துப் பாடநூலில் 'அப்ரா சாலிதோ' என்று வருகிறது. அவர் வெளியே போனது நடந்து முடிந்த செயல்தானே? அதற்கு எதிர்கால வடிவம் எதற்கு?

மேலூர் ஆசிரியர்:
விடை நம் பேச்சிலேயே இருக்கிறது, அம்மா. மதுரைச் சந்திப்பில் அண்ணனை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பியவர், கடிகாரத்தைப் பார்த்து, 'வைகை எக்ஸ்பிரஸ் இந்நேரம் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்கும்' என்கிறார். ரயில் தாண்டியதை அவர் பார்க்கவில்லை, நேரத்தை வைத்துக் கணிக்கிறார். அவர் சொல்லும் 'இருக்கும்' எதிர்கால வடிவம்தான். ஸ்பானியரும் இதை 'எல் த்ரென் யா அப்ரா பசாதோ போர் திண்டுக்கல்' என்றே சொல்வார். வீட்டில் இருப்பவர், 'போயிருக்கிறார்' என்று உறுதியாகச் சொன்னால் அது 'ஆ சாலிதோ'. பலமுறை அழைத்தும் பதில் கிடைக்காதவர், 'போயிருப்பார்' என்றால் அது 'அப்ரா சாலிதோ'. செயல் நடந்த காலம் இரண்டிலும் ஒன்றே, சொல்பவரின் உறுதிதான் மாறுகிறது. 'வந்திருக்க மாட்டார்' என்பதும் அவ்வாறே 'நோ அப்ரா வெனீதோ' ஆகும். 'நேற்று' என்று பொருள்படும் 'அயெர்' கூட இதனுடன் தடையின்றி வரும்: 'அப்ரா யெகாதோ அயெர்', அதாவது 'நேற்று வந்திருப்பார்'.

திருமங்கலம் வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்னது செயல்களுக்குப் பொருந்தும். அன்று நிலவிய நிலையை ஊகிக்கும்போது வடிவம் வேறு. 'அவர் வந்தபோது மணி பத்து இருக்கும்' என்று நாம் சொல்வதைப் பார்த்து 'செரான் லாஸ் தியெஸ்' என்று எழுதிவிடக் கூடாது; அது இப்போதைய மணியைக் கணிப்பது. கடந்த வேளைக்கு 'செரீயான் லாஸ் தியெஸ்' என்பதே சரி.

வைகைக்கரை மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 'மழை பெய்யாதிருந்தால் வந்திருப்பார்' என்பதற்கும் 'அப்ரா வெனீதோ' போதுமா?

மேலூர் ஆசிரியர்:
போதாது, அம்மா. தமிழ் வழியாக ஸ்பானிய மொழிக்கு வருபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. 'வந்திருப்பார்' என்ற ஒரே வடிவத்தை நாம் ஊகத்துக்கும், நடக்காமல் போனதற்கும் பயன்படுத்துகிறோம்; ஸ்பானிய மொழி அவற்றைப் பிரித்து வைக்கிறது. அவர் வராமற்போனது தெரிந்த செய்தி என்பதால், 'சி நோ உபியெரா யோவீதோ, அப்ரீயா வெனீதோ' என்று எழுத வேண்டும். 'அப்ரா வெனீதோ' என்று சொன்னால், அவர் வந்திருக்கக்கூடும் என்று நீங்கள் ஊகிப்பதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.