வெல்டர் பயோடேட்டாவில் வேலைத் திறமையை எப்படி எழுதுவது?

கேள்வி:
ஐடிஐ வெல்டர், பைப் ஃபேப்ரிகேஷனில் 5 வருஷம். கல்ஃப் வேலைக்கு அனுப்புற பயோடேட்டாவில் "எல்லா வகை வெல்டிங்கும் தெரியும், கடின உழைப்பாளி"ன்னு போட்டிருக்கேன். டெஸ்டுக்கே கூப்பிட மாட்டேங்கிறாங்க. என்ன எழுதணும்?

பதில் 1:
தம்பி, ஆள் எடுக்கிறவர் கையில் இருக்கிற தாளில் ப்ராசஸ், பொசிஷன், மெட்டீரியல், பைப் சைஸ், தடிமன் இவ்வளவுதான் இருக்கும். அதே வரிசையில் எழுதுங்க: "டிக் ரூட், 70எஸ்-2 ஃபில்லர், ஃபில்லிங், கேப்பிங் 7018 ராடு, 6ஜி, கார்பன் ஸ்டீல், 6 இன்ச், ஷெட்யூல் 80." டிக்னா ஆர்கான் வாயுவில் செய்யும் வெல்டிங்; ரூட் அடியில் போடும் முதல் அடுக்கு, ஃபில்லிங் நடு அடுக்கு, கேப்பிங் மேல் அடுக்கு. 70எஸ்-2, 7018 கம்பி, ராடு வகை எண்கள்; ஷெட்யூல் பைப் தடிமன் வகை.

6ஜி (45 டிகிரி சாய்வா, சுழலாமல் நிற்கும் பைப்பில் வெல்டிங்) இருந்தால் மற்ற பொசிஷன்களான 1ஜி, 2ஜி, 5ஜி எல்லாம் அதில் அடக்கம், தனியா வேண்டாம். 6010 ராடில் ரூட் போடத் தெரிஞ்சா அவசியம் எழுதணும். வெல்டு போடுவது மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்பதையும் சேர்த்து. பைப்லைன்காரங்க முதலில் பார்ப்பது அதைத்தான்.

பதில் 2:
சைஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 9 (வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதித்தொகுப்பு) கணக்கில், 6 இன்ச் பைப்பில் பாஸானவருக்கு வெளிவிட்டம் 73 மி.மீ. முதல்தான் தகுதி. 2 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., அது உள்ளே வராது. 2 இன்ச்சில் டெஸ்ட் கொடுத்தவருக்கோ 25 மி.மீ. தொடங்கி பெரிய சைஸ் எல்லாம் செல்லும்.

தடிமன், அந்தந்த ப்ராசஸில் போட்ட வெல்டின் இரு மடங்கு வரை. டிக்கில் ரூட் மட்டும் 3 மி.மீ. போட்டிருந்தால் டிக்குக்கு 6 மி.மீ.தான். 13 மி.மீ.க்குக் குறையாமல், மூன்று லேயராவது போட்டிருந்தால் உச்சவரம்பே கிடையாது.

சான்றிதழ் தேதியோடு, அந்த ப்ராசஸில் கடைசியாக வெல்டு செய்த மாதத்தையும் குறிப்பிடுங்கள். ஆறு மாசம் தொடாமல் விட்டால் தகுதி காலாவதி.

கேட்டவர்:
ஸ்டெயின்லெஸ் பைப் செஞ்சிருக்கேன், சர்டிபிகேட் இல்லை. எழுதலாமா?

பதில் 1:
எழுதலாம், "அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை"ன்னு வெளிப்படையா. உள்ளே ஆர்கான் பர்ஜ் கட்டி, அதாவது பைப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பிச் செஞ்சீங்களான்னும் சேருங்க. பர்ஜ் இல்லாத ரூட் உள்பக்கம் கருகிப் பொரிஞ்சு நிற்கும், அதனால் இன்டர்வியூவில் அதைக் கேட்காமல் விட மாட்டாங்க.

பதில் 3:
எக்ஸ்ரே ரிப்பேர் சதவீதம் (எக்ஸ்ரே சோதனையில் குறை தெரிந்து திருத்த வேண்டியிருந்த பங்கு) போடுவதாக இருந்தால், ஜாயின்ட் கணக்கா, வெல்டு நீளக் கணக்கா என்று சொல்லுங்கள். ஒரே வேலைக்கு இரண்டும் வேறு வேறு எண் தரும். நீளக் கணக்கு பெரும்பாலும் சின்னதாகத் தெரியும். "கடின உழைப்பாளி"யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடலாம்.