பல சமூகத்தாரும் இரத்த தானத்துக்கு முன்வர விளம்பரம் எப்படி அமைய வேண்டும்?

கேள்வி – தென்கரைத் தொண்டர், லண்டன்
வணக்கம். கரீபியர், நைஜீரியர், தமிழர் எனப் பலரும் வாழும் எங்கள் வட்டாரத்தில், வரும் செப்டம்பரில் நடக்கவிருக்கும் இரத்த தான முகாமுக்கு ஆள் திரட்டும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு வந்துள்ளது. ‘இரத்தம் கொடுப்பீர், உயிர் காப்பீர்’ என்ற துண்டறிக்கையைப் பல மொழிகளில் அச்சிட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – ஆய்வகத்தான்
யாருக்கு, எந்த இரத்தம், ஏன் தேவை என்று சொல்லாத வேண்டுகோள் யாரையும் தொடாது. அரிவாள் செல் நோய் (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் பலருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏ, பி, ஓ வகை மட்டுமன்றி ஆர்எச், கெல் எனும் வேறு இரத்தத் தொகுதிகளும் பொருந்தாவிட்டால் அவர்கள் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, அடுத்த முறை ஏற்ற இரத்தம் கிடைப்பதே அரிதாகிவிடும். அவர்களுக்கு மிகவும் தேவைப்படும் ஆர்ஓ எனும் ஆர்எச் உட்பிரிவு ஆப்பிரிக்க, கரீபிய வழியினரிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. 2015-இல், இரத்தப் பற்றாக்குறையை உணர்த்தப் பெயர்ப்பலகைகளிலிருந்து ஏ, பி, ஓ எழுத்துகளை நீக்கிய பிரசாரத்தில், பிரிட்டன் பிரதமர் இல்லம் உள்ள டவுனிங் தெருவின் பலகையே ‘ஓ’வை இழந்தது. அழகான உத்திதான், ஆனால் அது எல்லோரையும் பொதுவாக அழைத்தது. உங்களுக்கு வேண்டியது குறிப்பான அழைப்பு.

பதில் 2 – பழைய வாசகி
அதற்கும் முன்னால் நம்பிக்கை வேண்டும். எய்ட்ஸ் அச்சத்தால் ஹெய்ட்டி நாட்டவர் இரத்தம் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விதித்த தடையை எதிர்த்து, 1990 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைப் பல்லாயிரவர் கடந்து சென்ற பிறகே அத்தடை அவ்வாண்டு இறுதியில் விலக்கப்பட்டது. இஸ்ரேலிலோ, எத்தியோப்பிய யூதர்கள் கொடுத்த இரத்தம் இரகசியமாகக் கொட்டப்பட்டு வந்தது 1996-இல் அம்பலமானது. இப்படி அவமதிக்கப்பட்ட மக்களின் முகத்தைச் சுவரொட்டியில் போட்டுவிட்டால் அவர்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்களா? இங்கிலாந்தில், இரத்தம் கொடுக்க வருவோரிடம் கேட்கப்பட்டு, ஆப்பிரிக்கத் துணைவர் உள்ளவர்களைத் தள்ளிவைத்த கேள்வி 2021-இல் நீக்கப்பட்டது. அதைத் துண்டறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

பதில் 3 – முகாம் ஒருங்கிணைப்பாளர்
வரலாறு உண்மைதான். ஆனால் நம்மவரைப் பொறுத்தவரை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதுதான் பெரிய தடை என்பேன். மலேரியா அபாயமுள்ள பகுதிக்குச் சென்று திரும்பியவர் பொதுவாக நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த குடும்பங்களைச் செப்டம்பரில் அழைத்து என்ன பயன்? பெண்களுக்கு ஹீமோகுளோபின் லிட்டருக்குக் குறைந்தது 125 கிராம் இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; அயலார் முன்னிலையில் ‘உங்களுக்கு இரத்தம் போதாது’ என்று கேட்டுத் திரும்பிய அக்காமார் மறுமுறை வருவதில்லை. அழைப்பு யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம்: பிரிட்டனில் 2006 முதல் ஷியா முஸ்லிம்கள், தாங்கள் போற்றும் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் பெயரிலேயே முகாம் நடத்துகிறார்கள்.

தென்கரைத் தொண்டர்
மூவருக்கும் நன்றி. பள்ளி விடுமுறைக்கு முன்னதாக ஜூன் மாதத்தில் முகாமை வைக்க முடியுமா என்று கேட்டு இன்றே எழுதுகிறேன். கரீபியத் தேவாலயத்திலும் நம் கோயிலிலும் தனித்தனித் துண்டறிக்கைகள் கொடுப்போம்.