ஷட்டவுன் நேரத்தில் யூனியன் கை கொடுத்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (ஜனவரி 2026)

சில்வர்ஸ்பிரிங் அக்கா

அமெரிக்க மத்திய அரசுக்காக 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தான தற்காலிக நிதித் தீர்மானம் 2026 ஜனவரி 30 வரைதான் தாங்கும். அதற்குள் காங்கிரஸ் பணம் ஒதுக்காவிட்டால் அலுவலகங்களை மூடுவார்கள், அதுதான் ஷட்டவுன். எங்கள் அலுவலகத்தில் மறுபடியும் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. காபி எடுக்கப் போனால் "உங்க பிரிவுக்குப் பணம் ஒதுக்கியாச்சா?" என்பதுதான் இப்போது குசலம் விசாரிப்பு. விவசாயத் துறைக்காரர்களுக்கும் முன்னாள் படைவீரர் நலத் துறைக்காரர்களுக்கும் செப்டம்பர் வரை முழு ஆண்டு ஒதுக்கீடு அப்போதே கிடைத்துவிட்டது. எங்கள் துறை அந்தப் பட்டியலில் இல்லை.

போன தடவை 43 நாள். அதுவரை அமெரிக்க வரலாற்றிலேயே நீளமானது. நான் ஃபர்லோ ஆனவள், அதாவது வீட்டில் உட்கார வைக்கப்பட்டவள். அக்டோபர் 1 காலை அலுவலகம் போனேன். கடையை ஒழுங்காக மூட நான்கு மணி நேரம் தருவார்கள். தானியங்கிப் பதிலைப் போட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, ஃபர்லோ கடிதம் வந்து சேர்ந்ததாகக் கையெழுத்திட்டுவிட்டு மெட்ரோ ஏறினேன். அதன் பிறகு ஒரு மின்னஞ்சலுக்குக்கூடப் பதில் எழுதக் கூடாது. சம்பளம் வேண்டாம், சும்மா செய்து கொடுக்கிறேன் என்றாலும் கூடாது. 1884-இல் இருந்தே அந்தத் தடை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1980-இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி எழுதிய சட்டக் கருத்துக்குப் பிறகுதான் ஒதுக்கீடு தீர்ந்தால் கதவைச் சாத்தும் பழக்கம் வந்தது. அதற்கு முன்பு பட்ஜெட் தாமதமானாலும் அலுவலகம் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதை ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. "பட்ஜெட் பாஸ் ஆகலைன்னா ஆட்சிதானே கவிழணும்? குமாஸ்தா சம்பளம் ஏன் நிக்குது?" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்தது, "உங்க சங்கம் என்ன பண்ணுது? ஏன் ஸ்டிரைக் பண்ணலை?" அப்பா தமிழ்நாடு அரசு ஊழியர்களின் என்.ஜி.ஓ. சங்கத்தில் இருந்தவர். 2003-இல் ஸ்டிரைக் செய்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிச் சட்டத்தில் ஒரே உத்தரவில் வேலை இழந்ததைக் கண்ணால் பார்த்தவர். பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இங்கே மத்திய அரசு ஊழியர் ஸ்டிரைக் செய்வது குற்றம். சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கும்போதும் குற்றம்தான்.

அப்புறம் சங்கம் எதற்கு? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. போன மார்ச்சில் வந்த அதிபர் ஆணை, தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பல துறைகளில் கூட்டுப்பேர உரிமையை, அதாவது சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் உரிமையை, ரத்து செய்தது. எங்கள் ஒப்பந்தமும் போனது, சங்கத்துக்கு இருந்த அறையும் போனது. சம்பளத்தில் சந்தா பிடிப்பதும் நின்றது. ஆன்லைனில் நாமாகவே கட்ட வேண்டும். பாதிப் பேர் கட்டவில்லை. கூச்சமில்லாமல் சொல்கிறேன், நானும் மூன்று மாதம் கட்டவில்லை.

செப்டம்பர் 29 இரவு எங்கள் ஸ்டூவர்டிடமிருந்து, அதாவது அலுவலகத்தின் சங்கப் பிரதிநிதியிடமிருந்து, என் சொந்த ஃபோனில் ஒரு குறுஞ்செய்தி: "கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, எஸ்.எஃப்.50 (பணி விவரப் படிவம்), விடுப்புக் கணக்கு. மூன்றையும் நாளைக்குள் பிரிண்ட் எடு. அப்புறம் உன்னால் உள்ளே நுழைய முடியாது." அவ்வளவுதான். எடுத்து வைத்தேன். வேலையில்லாப் படிக்கு விண்ணப்பித்தபோது அந்தத் தாள்களை வைத்துத்தான் என் சம்பளத்தை நிரூபித்தேன். அடுத்த மேசைக்காரர் எடுக்கவில்லை. வீட்டில் லேப்டாப் கையிலேயே இருந்தும் அதைத் திறக்கத் துணிவில்லாமல் மூன்று வாரம் அலைந்தார். மேரிலாந்தில் அந்தப் படி வாரத்துக்கு அதிகபட்சம் 430 டாலர். நிலுவைச் சம்பளம் வந்ததும் மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனாலும் மளிகைக்கு ஆனது.

இன்னொரு கூத்து. அலுவலக மின்னஞ்சலைத் திறக்காதே என்றவர்களே, உனக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் திறக்கலாம் என்றார்கள். அக்டோபர் 10 அன்று நாலாயிரம் பேருக்கு மேல் அந்த நோட்டீஸ் போனது. அன்று முழுக்க நான் லேப்டாப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஏ.எஃப்.ஜி.இ., ஏ.எஃப்.எஸ்.சி.எம்.இ. சங்கங்கள் போட்ட வழக்கில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி சூசன் இல்ஸ்டன் 15-ஆம் தேதி இடைக்காலத் தடை கொடுத்தார். அன்று மாலை மூன்று மாத சந்தா பாக்கியைக் கட்டினேன்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். வேலைக்குப் போனவர்களும் எழுத வேண்டும்.

கன்வேயர்பெல்ட்

அக்கா, நான் வேலைக்குப் போன ஜாதி. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. எங்களை "எக்ஸெப்டட்" என்பார்கள். விதிவிலக்காம். எதிலிருந்து விலக்கு என்று பார்த்தால், சம்பளத்திலிருந்துதான்.

உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டிலிருந்த உங்களுக்கு 430 டாலருக்கு விண்ணப்பிக்கவாவது முடிந்தது. முழு நேரம் வேலை பார்ப்பதால் எனக்கு அதுவும் கிடையாது. தினமும் 38 மைல் கார் ஓட்டிப் போய், பெட்ரோலும் பார்க்கிங்கும் கைக்காசில் போட்டு, பூஜ்யச் சம்பளச் சீட்டை வாங்கினேன். அக்டோபர் இரண்டாம் வாரம் வந்தது அரைகுறை, செப்டம்பர் நாட்களுக்கு மட்டும். மாதக் கடைசியில் வந்ததில் ஒன்றுமே இல்லை. அந்த வாரம் பிள்ளையின் டே கேர் பணத்தைக் கட்ட முடியவில்லை. "இடத்தை வேற குழந்தைக்குக் கொடுக்கட்டுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. டிவியில் இதை மறைமுகப் போராட்டம் என்றார்கள். எங்கள் யூனியன் பிரதிநிதி ஓய்வறையில் எல்லோரையும் கூப்பிட்டு, "குழுவாகச் சேர்ந்து லீவு போடாதீர்கள், அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதவும் எழுதாதீர்கள், அதை ஸ்டிரைக் என்று ஆக்கிவிடுவார்கள்" என்று எச்சரித்தார். போராடச் சொல்ல வேண்டியவரே போராடாதே என்று சொல்ல வேண்டிய நிலை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு பயணி என்னிடம் ஸ்டார்பக்ஸ் கார்டு கொடுக்க வந்தார். பணியில் இருக்கும்போது வாங்கக் கூடாது. நன்றி சொல்லி மறுத்துவிட்டு, அவர் ஷாம்பு பாட்டில் அளவு மீறியிருந்ததால் அதையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இன்னும் உறுத்துகிறது.

நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள் அல்லவா, அதன் பிறகுதான் வாஷிங்டனுக்கு உறைத்தது. 2019-லும் அப்படித்தான். ஜனவரி 25 காலை நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் விமானங்கள் நின்றன, மாலையில் 35 நாள் ஷட்டவுன் முடிந்தது. முடிந்த பிறகு, 43 நாளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள், தொழில்நுட்பர்கள் 776 பேருக்குத் தலா 10,000 டாலர் கொடுத்தார்கள். பிள்ளைக்காக ஒரு நாள் வீட்டிலிருந்த கட்டுப்பாட்டாளருக்கு ஒன்றுமில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது?

பக்கத்து நாற்காலி

நீங்கள் இருவரும் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பேசி முடியுங்கள். நான் கான்ட்ராக்டர், அதாவது வெளி நிறுவனத்தின் சம்பளத்தில் அரசு வேலை பார்க்கும் ஆள். அதே கட்டடம், அதே தளம், அதே மென்பொருள். கழுத்து அட்டையின் நிறம் மட்டும் வேறு.

2019 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ஷட்டவுன் முடிந்ததும் அரசு ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் கட்டாயம். அதில் நாங்கள் இல்லை. போன அக்டோபரில் அந்தச் சட்டத்தையே வேறுவிதமாகப் படித்து, ஃபர்லோ ஆனவர்களுக்குத் தானாகக் கிடைக்காது என்று வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தில் ஒரு வரைவு உலவியபோது, என் பக்கத்து மேசை நண்பர் தூக்கமில்லாமல் இருந்தார். எனக்கு அந்தக் கவலையே இல்லை. வராது என்று முதல் நாளே தெரியும். சேர்த்து வைத்திருந்த 11 நாள் விடுப்பை எடுத்தேன். மீதி நாட்கள் காற்றில் போயின. ஊருக்குப் போக வைத்திருந்த விடுப்பு அது. பொங்கலுக்கு அம்மா வீடியோவில்தான் பார்த்தார்.

எங்கள் கட்டடத்தைத் துடைக்கிற அம்மாவும் கான்ட்ராக்ட்தான். அவர் நிலையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

சங்கம் கை கொடுத்ததா என்று கேட்டீர்கள். அக்கா, உங்கள் சங்கத்துக்காரர்கள் ஒரு சர்ச்சின் வாகன நிறுத்தத்தில் உணவுப் பைகள் கொடுத்த சனிக்கிழமை, அரசு அடையாள அட்டை காட்டினால்தான் பை. நான் என் அட்டையைக் காட்டினேன். அங்கே நின்ற பெரிய உருவம் ஒன்று நிறத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, இரண்டு பை கொடுத்து "நகரு, நகரு" என்றது. அந்த அளவுக்குக் கை கொடுத்தது.

பத்தாயிரம் ஏரி

மாநில அரசுகளும் மூடும், தெரியுமா? 2011 ஜூலை 1 முதல் 20 நாள் மினசோட்டா மூடியது. ஆளுநர் மார்க் டேட்டன் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சி, நடுவில் 500 கோடி டாலர் பற்றாக்குறை. நான் அப்போது மாநில ஊழியன், மேப் என்ற மாநில ஊழியர் சங்கத்தின் உறுப்பினன்.

எங்களுக்கு அது திடீரென வரவில்லை. ஜூன் மாதமே லேஆஃப் கடிதம் தபாலில் வந்துவிட்டது. அந்த மூன்று வாரம்தான் மோசம். வேலைக்குப் போகிறோம், மூன்று வருடத் திட்டத்துக்குக் கூட்டம் போடுகிறோம், பையில் லேஆஃப் கடிதம் இருக்கிறது. எது அத்தியாவசியம் என்பதை ராம்சி மாவட்ட நீதிபதி கேத்லீன் கியரின்தான் தீர்மானித்தார். சிறைச்சாலை ஓடட்டும், காவல் ஓடட்டும், பூங்காக்கள் வேண்டாம். ஜூலை 4 விடுமுறைக்குப் பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன. மீன்பிடி உரிமம் கிடைக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்க அலுவலகத்தில் ஆள் இல்லாததால் ஒரு பெரிய நிறுவனத்தின் பீர் வகைகளையெல்லாம் கடையிலிருந்து எடுக்க வேண்டிய நிலை வந்தது. நாங்கள் வீதிக்கு வந்தபோது வராத கோபம் அப்போது மக்களுக்கு வந்தது.

ஒரு வித்தியாசம். இங்கே மாநில ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டிரைக் உரிமை உண்டு. 2001 அக்டோபரில் இரண்டு வாரம் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் முதலாளியே கடையைப் பூட்டிவிட்டால் யாருக்கு எதிராக ஸ்டிரைக்? சட்டமன்றப் படிக்கட்டில் கொடி பிடித்து நின்றோம். உள்ளே யாரும் இல்லை.

முத்திரை வரவில்லை

சின்னக் குறிப்பு. நான் தனியார் ஊழியன், யூனியனும் இல்லை. ஆனால் தொழிலாளர் துறை மூடியதால் எச்1பி வேலை விசாவுக்கு முதலில் தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய எல்.சி.ஏ. சான்றுக்கான விண்ணப்பம் அக்டோபர் முழுக்க நகரவில்லை. 31-ஆம் தேதிதான் திறந்தார்கள். குடியேற்ற அலுவலகம் நம் கட்டணத்தில் ஓடுவதால் திறந்திருந்தது, ஆனால் எல்.சி.ஏ. இல்லாமல் அங்கே எதைக் கொடுப்பது? வேலை மாற நினைத்த நம்மவர்கள் பலர் நடுவழியில் நின்றோம். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பற்றி அதுவரை ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

ஓய்வுபெற்ற 95

பொறுமையாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். 1995 டிசம்பர் 16 முதல் 21 நாள் வீட்டில் இருந்தேன். அதிபர் கிளிண்டனும் காங்கிரஸ் கீழவைத் தலைவர் கிங்ரிச்சும் மோதிய காலம். அப்போது நிலுவைச் சம்பளத்துக்குச் சட்டமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் காங்கிரஸ் மனம் வைத்தால்தான். ஒருவழியாக ஜனவரி 6 சனிக்கிழமை முடிந்தது, திங்கள் வேலைக்கு வா என்றார்கள். ஞாயிறு பனிப்புயல். வாஷிங்டன் முழுக்கப் புதைந்தது. திங்களும் அலுவலகம் கிடையாது. என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவின் அப்பாவுக்கு ஒரு பதில். 1981 ஆகஸ்ட் 3 அன்று வான்வழிக் கட்டுப்பாட்டாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். 48 மணி நேரத்தில் திரும்பு என்றார் அதிபர் ரீகன். திரும்பாத 11,000 பேருக்கு மேல் வேலை போனது, சங்கமே கலைந்தது. எங்கள் தலைமுறை ஸ்டூவர்டுகள் எல்லோரும் அதைச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். அதனால்தான் அந்தப் பிரதிநிதி லீவு போடாதே என்றார், கன்வேயர்பெல்ட் தங்கை. கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம்.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தாயிற்று. சம்பளத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்கு இழப்பீடு கேட்ட வழக்கில் கீழ் நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றுவிட்டது.

சில்வர்ஸ்பிரிங் அக்கா

எல்லோருக்கும் நன்றி. கன்வேயர்பெல்ட், நீ சொன்னது சரிதான், நான் வீட்டிலிருந்தேன். மேரிலாந்தில் வேலைக்குப் போனவர்களுக்கு மாநில அரசு 700 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மறுபடி மூடினால் உன் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதே கேட்டு வை. பக்கத்து நாற்காலி, அந்தப் பெரிய உருவம் யாரென்று தெரியும். அவர்தான் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய ஸ்டூவர்ட். அவரும் 43 நாள் சம்பளமில்லாதவர்.

அக்டோபர் 27 அன்று ஏ.எஃப்.ஜி.இ. தலைவர் எவரெட் கெல்லி, நிபந்தனை எதுவும் வைக்காமல் நிதித் தீர்மானத்தை நிறைவேற்றுங்கள் என்று அறிக்கை விட்டபோது, எங்கள் குழுவில் பாதிப் பேர் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றார்கள், மீதிப் பேர் வாடகைத் தேதியைச் சொன்னார்கள். நான் எந்தப் பக்கம் என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. நவம்பர் தீர்மானத்தில் சேர்த்த ஆட்குறைப்புத் தடையும் அதே ஜனவரி 30 வரைதான் என்பதை நினைத்தால் அந்தச் சண்டை மறுபடி வரும் என்று தோன்றுகிறது.

இப்போதுதான் ஸ்டூவர்டிடமிருந்து செய்தி வந்தது. அதே மூன்று தாள்கள். வீட்டு பிரிண்டரில் மை இல்லை, நாளை அலுவலகத்தில் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்ல வேண்டும்.